மலரின் மணமும் அறிஞர் டார்வினும்

1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த சார்ல்ஸ் டார்வின், பள்ளிப் பாடங்களில் சிறந்து விளங்கியவர் அல்லர். வண்டுகளைத் தேடிச் சேர்ப்பதிலேயே பெருவிருப்பம் கொண்டிருந்தார். எதையும் உற்று நோக்கும் அப்பண்பே அவரை உலகம் போற்றும் அறிஞராக்கியது.

1862ஆம் ஆண்டு, மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலர் ஒன்று அவர் கைக்கு வந்தது. விண்மீன் போன்ற வெண்மலர் அது. அதன் பின்னே தொங்கிய குழல் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். உங்கள் அளவுகோலின் நீளம்! தேனோ குழலின் அடியில் மட்டுமே இருந்தது. இம்மலர் இரவில்தான் மிகுதியாக மணம் வீசும். இருளில் அந்துப்பூச்சியைத் தொலைவிலிருந்து அழைப்பது அம்மணமே. தேனுண்ண வரும் பூச்சி, மகரந்தத்தைச் சுமந்து சென்று அடுத்த மலரில் சேர்க்கும்.

ஆகவே, அத்துணை நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சி மடகாஸ்கரில் இருந்தே தீரவேண்டும் என்று டார்வின் எழுதினார். பூச்சியியலார் சிலர் நகைத்தனர். அவரோ தம் கருத்தைக் கைவிடவில்லை. அப்பூச்சியைக் காணாமலேயே 1882இல் மறைந்தார். 1903ஆம் ஆண்டு, மடகாஸ்கரைச் சேர்ந்த அத்தகைய அந்துப்பூச்சியை அறிவியலார் பெயரிட்டு உலகிற்கு அறிவித்தனர்.

செல்வங்களே, உற்று நோக்குங்கள், சான்றுடன் சிந்தியுங்கள், பிறர் நகைப்புக்கு அஞ்சாதீர்கள்!