சென்னையில் வெளுத்து வாங்கிய குந்தரன்

குட்டி நண்பர்களே, தண்ணீர் வற்றிய ஏரியில் மூன்று குச்சிகளை நட்டு நீங்கள் கிரிக்கெட் ஆடும்போது, விக்கெட் கீப்பராக யாரை நிறுத்துவீர்கள்? பெரும்பாலும் கூட்டத்திலேயே சின்னப் பையனைத்தானே! பந்து வீசத் தெரியாதவன், ஓடிப் பிடிக்க முடியாதவன், அல்லது கெஞ்சிக் கேட்டுச் சேர்ந்து கொண்ட யாரோ ஒருவரின் தம்பி... அவனைக் குச்சிக்குப் பின்னால் நிற்க வைத்து விடுவீர்கள். பந்தைத் தவற விட்டால் அவனே ஓடிப் போய் எடுத்து வர வேண்டும்.

உண்மையில் கிரிக்கெட்டிலேயே கஷ்டமான வேலை அதுதான். ஒரு நாளில் 90 ஓவர் என்றால், 540 பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் கீப்பர் குனிந்து உட்கார்ந்து எழ வேண்டும். பள்ளியில் 50 தோப்புக்கரணம் போட்டாலே மறுநாள் கால் வலிக்கிறது அல்லவா? அவர் 540 போடுகிறார்! அதனால்தான் பழைய நாட்களில் கீப்பர்கள் பேட்டிங்கில் ஏழாவது, எட்டாவது ஆளாக வருவார்கள். அவர்கள் எடுக்கும் ரன்னை யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.

ஆனால், கீப்பராகவும் நின்று, முதல் ஆளாக மட்டையையும் தூக்கிக் கொண்டு வந்து, இங்கிலாந்து பவுலர்களை நம் சென்னையில் ஒரு முழு நாள் அலைய விட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் புத்திசாகர் கிருஷ்ணப்பா குந்தரன். சுருக்கமாக, புதி குந்தரன்.

குந்தரன் பிறந்தது 1939ம் ஆண்டு அக்டோபர் 2ம் தேதி. காந்தித் தாத்தாவின் பிறந்த நாள்! நம் தர்மபுரி மாவட்டத்துக்கும் அதுதான் பிறந்த நாள், தெரியுமா? சேலம் மாவட்டத்தில் இருந்து பிரித்து தர்மபுரியைத் தனி மாவட்டமாக ஆக்கியது, 1965 அக்டோபர் 2ல்தான்.

அவர் பிறந்த ஊர் முல்கி. மங்களூருக்குப் பக்கத்தில், கடலோரம் இருக்கிறது. இன்று அது கர்நாடகத்தில் இருந்தாலும், 1939ல் அந்தப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆக, ஒரு வகையில் அவரும் நம்ம ஊர்க்காரர்தான். (இப்படிச் சொந்தம் கொண்டாடினால் கன்னட நண்பர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என்று நம்புவோம்.)

வளர்ந்ததும், கிரிக்கெட் கற்றுக் கொண்டதும் பம்பாயில். வசதியான குடும்பம் இல்லை. நெருக்கடியான சிறிய வீடு, வீடு நிறையப் பிள்ளைகள்.

1959ம் ஆண்டின் கடைசியில் ஆஸ்திரேலிய அணி இந்தியா வந்தது. அப்போது உலகிலேயே பலம் வாய்ந்த அணிகளில் ஒன்று அது. டெல்லியில் நடந்த முதல் டெஸ்ட்டில் ஜோஷி என்பவர் இந்தியாவின் கீப்பர். கான்பூரில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் நரேன் தம்ஹானே. கான்பூரில் இந்தியா ஜெயித்தும் விட்டது. ஆஸ்திரேலியாவை டெஸ்ட்டில் நாம் வென்றது அதுவே முதல் முறை. ஜெயித்த அணியை யாராவது மாற்றுவார்களா? மாற்றினார்கள்! 1960 ஜனவரி 1ம் தேதி பம்பாயில் தொடங்கிய மூன்றாவது டெஸ்ட்டில், 20 வயது குந்தரன் கீப்பராக வந்து நின்றார்.

அப்போது அவர் ரஞ்சி டிராபி போட்டி ஒன்றில்கூட ஆடியது இல்லை. இது எப்படி என்றால், மாவட்டப் போட்டிக்கே போகாத ஒரு மாணவனை நேராக ஒலிம்பிக்குக்கு அனுப்பி வைத்தது போல!

டெஸ்ட்டுக்கு முந்தைய நாள் இரவு, வீட்டில் படுக்க இடம் போதாமல், பக்கத்தில் இருந்த பூங்காவில் போய்த் தூங்கினார் என்று சொல்வார்கள். கீப்பருக்கு வேண்டிய நல்ல கிளவுஸும் அவரிடம் இல்லை. யாரிடம் கடன் வாங்கினாராம் தெரியுமா? யாருடைய இடத்தில் ஆட வந்தாரோ, அந்த தம்ஹானேயிடம்! தன் இடத்தைப் பிடித்துக் கொண்ட பையனுக்குத் தன் கிளவுஸையே கொடுத்து அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர்.

அடுத்த டெஸ்ட் சென்னையில். இந்த முறை குந்தரனை முதல் ஆளாகவே பேட்டிங் செய்ய அனுப்பினார்கள். ஒரு பக்கம் வேகப்பந்து வீச்சாளர் டேவிட்சன், மறு பக்கம் சுழற்பந்தில் கேப்டன் பெனோ. இந்திய விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. மொத்த அணியும் சேர்ந்து எடுத்தது 149 ரன். அதில் 71 ரன், குந்தரன் ஒருவருடையது. கிட்டத்தட்டப் பாதி! அந்த டெஸ்ட்டில் இந்தியா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றுப் போனது. என்றாலும், பயப்படாமல் அடிக்கிற இந்தப் பையன் யார் என்று சென்னை ரசிகர்கள் கேட்க ஆரம்பித்து விட்டார்கள்.

இப்படி மூன்று டெஸ்ட் ஆடி முடித்த பிறகுதான், ரயில்வே அணிக்காக அவரது முதல் ரஞ்சி ஆட்டம் வந்தது. ஜம்மு காஷ்மீர் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 205 ரன் அடித்தார்.

இனி எல்லாம் நன்றாகவே நடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. 1961ல் பரூக் என்ஜினீயர் என்று இன்னொரு கீப்பர் வந்தார். அவரும் பம்பாய்க்காரர். அவரும் அதிரடியாக அடிப்பவர். அணியில் கீப்பருக்கு இருப்பதோ ஒரே ஒரு இடம்! ஒரு டெஸ்ட்டில் இவர், மறு டெஸ்ட்டில் அவர் என்று இருவரும் கண்ணாமூச்சி ஆடாத குறை. வேறு எந்த நாட்டிலாவது பிறந்திருந்தால் இருவருமே நிரந்தரக் கீப்பராக இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

1964 ஜனவரியில் இங்கிலாந்து அணி சென்னைக்கு வந்தது. ஐந்து டெஸ்ட்களில் முதலாவது. அதில் கீப்பராக நிற்க வேண்டியவர் என்ஜினீயர்தான். ஆனால், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. குந்தரனுக்கு அழைப்பு வந்தது.

ஜனவரி 10ம் தேதி, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் நாலே நாள். இப்போது நேரு ஸ்டேடியம் என்று சொல்கிறோமே, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அங்கேதான் ஆட்டம். அந்த நாளில் அதற்கு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர். 1956ல் இருந்து 1965 வரை சென்னையின் டெஸ்ட்கள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, அங்கேதான் நடந்தன.

கேப்டன் பட்டோடி. தொடக்க ஆட்டக்காரர்களாக குந்தரனும் விஜய் மெஹ்ராவும் இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட் கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்குமே கிடையாது! டெஸ்ட்டின் முதல் நாள் என்றால் மெதுவாகத் தட்டித் தட்டி ஆடுவதுதான் அப்போதைய வழக்கம். குந்தரனுக்கோ அந்த வழக்கம் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலைப்படவில்லை. வேகப்பந்தை அடித்தார். சுழற்பந்தையும் அடித்தார். மெஹ்ரா 17 ரன்னில் போனார். அடுத்து வந்த சர்தேசாய் ஒரு பக்கம் நிதானமாக நிற்க, இவர் மறு பக்கம் வெளுத்து வாங்கினார்.

ஐம்பது தாண்டியது. நூறும் தாண்டியது. அது அவருடைய முதல் டெஸ்ட் சதம். நூற்றைம்பதும் தாண்டி, மாலையில் ஆட்டம் முடிந்தபோது பலகையில் குந்தரனின் பெயருக்கு நேராக 170. அவுட் ஆகவும் இல்லை!

அன்று டிவி எல்லாம் ஏது? சென்னைக்கு டிவி வந்ததே 1975ல்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கு ரேடியோதான் கதி. ரேடியோ இருக்கும் கடையிலோ, வீட்டிலோ நின்று ஸ்கோர் கேட்க வேண்டும். கேட்டவர் கேட்காதவருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தாவுக்கு எழுபது எண்பது வயதாகி, கிரிக்கெட் பிடிக்கும் என்றால், குந்தரன் என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்கிறதா என்று கவனியுங்கள்.

மறுநாள் எல்லோரும் இரட்டை சதத்துக்காகக் காத்திருந்தார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் அதுவரை ஒரே ஒரு கீப்பர்தான் இரட்டை சதம் அடித்திருந்தார். அவர் பாகிஸ்தானின் இம்தியாஸ் அகமது. 1955ல் லாகூரில் நியூசிலாந்துக்கு எதிராக 209 ரன். அவர் எட்டாவது ஆளாக வந்து அதைச் செய்தார் என்பது இன்னொரு ஆச்சரியம். அந்தப் பட்டியலில் இரண்டாவது பெயராக குந்தரன் சேர வேண்டியது. 192 ரன்னில் அவுட்! இன்னும் எட்டே ரன். இரண்டு பவுண்டரி. அந்த இன்னிங்ஸில் மட்டும் 31 பவுண்டரி அடித்தவருக்கு, கடைசி இரண்டு கிடைக்கவில்லை.

இதே ஆட்டத்தில்தான் பாபு நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர்கள் ரன்னே கொடுக்காமல் வீசினார். ஒரே டெஸ்ட்டில் இரண்டு அதிசயம். ஆனாலும், ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. அதன் பிறகு நடந்த நான்கு டெஸ்ட்களும் டிரா.

டெல்லியில் நடந்த நான்காவது டெஸ்ட்டில் குந்தரன் இன்னொரு சதம் அடித்தார். சரியாக 100. கான்பூரில் 55. ஐந்து டெஸ்ட்களையும் கூட்டிப் பார்த்தால் 525 ரன். இரண்டு அணிகளிலும் அவரை விட அதிகம் எடுத்தவர் இல்லை. கீப்பர் ஒருவர் ஒரே டெஸ்ட் தொடரில் 500 ரன் தாண்டியது, உலகத்திலேயே அதுதான் முதல் முறை.

இப்படி ஆடியவரை அடுத்த தொடரில் என்ன செய்திருப்பார்கள்? அதே 1964ம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தது. இந்தியாவின் கீப்பர், இந்திரஜித்சிங்ஜி! 1965ல் நியூசிலாந்து வந்தது. கீப்பர், என்ஜினீயர்! குந்தரன் வெளியே. நினைத்தால் இப்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. கீப்பிங்கில் அவரை விடக் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்றே வைத்துக் கொள்வோம். 525 ரன்னை வேறு எங்கே போய்த் தேடுவது?

1966 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது மீண்டும் அழைத்தார்கள். பம்பாய் டெஸ்ட்டில் ஹால், கிரிபித், சோபர்ஸ் போன்ற புயல்களுக்கு எதிராக வேகமாக அடித்து 79 ரன் எடுத்தார். ஆனால், கல்கத்தா டெஸ்ட்டுக்குப் பிறகு சென்னையில் என்ஜினீயர் திரும்பி வந்தார். வந்தவர் என்ன செய்தார்? முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகவே 94 ரன் அடித்து விட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என்ஜினீயருக்கு உடம்பு சரியில்லாதபோது எந்த ஊரில் குந்தரன் ஜொலித்தாரோ, அதே ஊரில் என்ஜினீயர் தன் இடத்தைத் திருப்பி எடுத்துக் கொண்டார். இருவரில் யாரைக் குறை சொல்ல முடியும், சொல்லுங்கள்!

கடைசியாக, 1967ல் இங்கிலாந்து பயணம். லார்ட்ஸ் டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 110 ரன்னில் சுருண்டது. அதில் 47 குந்தரனுடையது. பிறகு பர்மிங்ஹாமில் ஒரு வேடிக்கை நடந்தது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னையின் வெங்கட்ராகவன் என்று நான்கு சுழற்பந்து வீச்சாளர்களையும் ஒன்றாக அணியில் சேர்த்து விட்டார்கள். புதுப் பந்தை வீச ஆள் பற்றாக்குறை. சுப்பிரமண்யா ஒரு பக்கம் வீச, மறு பக்கம் யார்? கேப்டன் பட்டோடி பந்தைக் குந்தரனிடம் கொடுத்தார். நீ எந்த மாதிரி பந்து வீசுவாய் என்று அவர் கேட்டதற்கு, வீசிப் பார்த்தால்தான் தனக்கே தெரியும் என்கிற மாதிரி குந்தரன் பதில் சொன்னாராம். வாழ்நாளெல்லாம் கிளவுஸ் மாட்டிய கையால் நான்கு ஓவர் வீசினார். 13 ரன் கொடுத்தார். விக்கெட் விழவில்லை.

அதுவே அவரது கடைசி டெஸ்ட். அப்போது வயது 27. மொத்தம் 18 டெஸ்ட், 981 ரன், 2 சதம்.

பின்னர் அவர் ஸ்காட்லாந்துக்குப் போய் அங்கேயே குடும்பத்துடன் தங்கி விட்டார். குளிரும் மழையுமான அந்த நாட்டிலும் கிரிக்கெட்டை விடவில்லை. டிரம்பெல்லியர் என்ற கிளப்புக்கு ஆடினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஸ்காட்லாந்து அணிக்காகவும் ஆடினார். 2006 ஜூன் 23ம் தேதி, கிளாஸ்கோ நகரில், தன் 66வது வயதில் காலமானார்.

அவருடைய 192ஐ இந்தியக் கீப்பர் யாரும் தாண்டாமல் 49 ஆண்டுகள் ஓடின. 2013 பிப்ரவரியில் ஒருவர் தாண்டினார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 224 ரன். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம்ம தோனிதான்! எந்த ஊரில் தாண்டினார்? அதே சென்னையில், சேப்பாக்கத்தில்!

525 கதை வேறு. 2025ல் இங்கிலாந்து போன ரிஷப் பந்த், நான்கு டெஸ்ட்டில் 479 ரன் வரை வந்து விட்டார். இன்னும் 47 எடுத்திருந்தால் போதும். ஆனால், நான்காவது டெஸ்ட்டில் பந்து பட்டுக் கால் விரல் முறிந்து, ஐந்தாவது டெஸ்ட்டில் ஆட முடியாமல் போனது. அந்தத் தொடர் முடிந்தபோதும், இந்தியக் கீப்பர்களின் பட்டியலில் முதல் வரியில் குந்தரன் பெயரே இருந்தது.