நம் இரயில்வே ஈந்த படக்காட்சி முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட்

கோவைக்குச் சென்று வரும் நம் காலனி அன்பர்களுள் வெரைட்டி ஹால் ரோடு என்னும் பெயரைக் கேளாதார் இலர். தீபாவளிக்குத் துணியெடுக்க டவுன்ஹால் பக்கம் செல்லும் தாய்மார்கள் அப்பெயரை எத்தனையோ முறை உச்சரித்திருப்பர். ஆயினும் அது யாரால் வந்த பெயர் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. நாமும் நாற்பதாண்டு அகவையைக் கடந்த பின்னரே அதனை அறிந்தோம். நம்மைப் போலவே இரயில்வேயில் பேனா பிடித்த ஒருவர் அங்கு எழுப்பிய படக்கொட்டகையின் பெயர்தான் அவ்வீதிக்கு நிலைத்துவிட்டது. அவரே சாமிக்கண்ணு வின்சென்ட்.

அவர் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணமுண்டு. சென்ற ஆண்டு நம் சங்கத்தார் ஆண்டுவிழாவையொட்டி, தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் படத்தை ஒரு ஞாயிறு பிற்பகலில் காட்ட ஏற்பாடு செய்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அல்லது அறிந்தே இருக்கமாட்டார்கள். இருநூறு நாற்காலிகள் போட்டோம். வந்தவர் இருபத்து மூவர். அவருள் ஒன்பதின்மர் செயற்குழு உறுப்பினர். 1944-ஆம் ஆண்டு வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்ட அப்படம், நம் காலனியில் மூன்று மணி நேரங்கூட நிற்கவில்லை. இடைவேளையோடு பாதிப்பேர் எழுந்து சென்றனர். அன்றிரவு நாற்காலிகளை அடுக்கியபோது, இக்காலப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று நாம் வாய்விட்டு நொந்துகொண்டோம். பிறகு வின்சென்டின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்தபின் பிள்ளைகளைக் குறை கூற நா எழவில்லை.

அவர் 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கோவையில் பிறந்தார். வளர்ந்து, தென்னிந்திய இரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். மாதச் சம்பளம் இருபத்தைந்து ரூபாய் என்பர். அக்காலத்தில் அஃது இழிவான தொகையன்று; ஒரு சிறு குடும்பம் மானமாய் வாழப் போதியது. 1905-ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஊர் ஊராகச் சலனப்படம் காட்டி வந்தவர், உடல் நலிவுற்றுத் திருச்சிக்கு வந்து சேர்ந்தார். தாய்நாடு திரும்ப எண்ணிய அவர் தம் படக்கருவியையும் படச்சுருள்களையும் விற்க விரும்பினார். ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்கு அவற்றை வாங்கிக்கொண்டவர் இருபத்திரண்டே வயது நிரம்பிய நம் வின்சென்ட்.

இரயில்வேக் குமாஸ்தாவாகிய எமக்குக் கணக்குப் போடாமல் இருக்க இயலாது. மாதம் இருபத்தைந்து வீதம் இரண்டாயிரம் என்பது எண்பது மாதச் சம்பளம். ஆறு ஆண்டு எட்டு மாதம். ஒரு காசும் செலவழியாமல் சேர்த்தாலன்றோ அத்தொகை! இன்று நம் அலுவலகத்தில் எவரேனும் ஆறரை ஆண்டுச் சம்பளத்தைக் கொட்டி, முன்பின் பழகாத இயந்திரம் ஒன்றை வாங்கி, வேலையையும் விட்டுப் புறப்பட்டால் வீட்டார் என்ன சொல்வர் என்பதை அன்பர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

அவர் வாங்கிய சுருள்களுள் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படமும் இருந்தது. முதற்காட்சிகளைத் திருச்சியில் நடத்தினார். பின்னர் எடிசன் சினிமாட்டோகிராப் என்று பெயரிட்டு, கூடாரம் ஒன்றும் செய்வித்துக்கொண்டு, ஊர் ஊராகச் செல்லலானார். தெற்கே திருவனந்தபுரம், மேற்கே மலபார், வடக்கே லாகூர், பெஷாவர், கடல் கடந்து ரங்கூன் என அவர் பயணம் விரிந்தது. 1906-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பயாஸ்கோப் காட்டப்பெற்றதையே கேரளத்துச் சினிமா வரலாற்றாசிரியர்கள் இந்நாட்டின் முதற் படக்காட்சியாக எழுதுகின்றனர். அதனைக் காட்டியவரும் வின்சென்ட் என்னும் இரயில்வே ஊழியரே. அதனையொட்டியே திருச்சூரில் காட்டூக்காரன் ஜோசப் என்பார் தாமும் இத்தொழிலில் இறங்கினார். திருச்சியிலிருந்து கோழிக்கோடு செல்ல அந்நாளில் ஈரோடு, போத்தனூர், ஒலவக்கோடு என்னும் இவ்வழியன்றி வேறு இருப்புப்பாதை இல்லை. ஆகவே அக்கருவிப் பெட்டிகள் நாம் நாள்தோறும் நிற்கும் இந்த நிலையத்தைத் தொட்டே சென்றிருத்தல் வேண்டும். சரக்கு அலுவலகத்தில் அமர்ந்து இதனை நினைக்கும்போது உள்ளம் சிலிர்க்கின்றது.

நிற்க. ஒரு படத்தை மக்கள் ஏன் பார்க்க வருகின்றனர்? இன்று வெள்ளிக்கிழமை படம் வெளியாகின்றது. ஞாயிறு இரவுக்குள் எத்தனை கோடி என்று கைப்பேசியில் கணக்கு வந்துவிடுகின்றது. மூன்று நாளில் படத்தின் தலைவிதி எழுதப்படுகின்றது. வின்சென்டிற்கு மூன்று நாள்கூடக் கிடையாது. கூடாரம் அடித்த முதலிரவே கூட்டம் வாராவிடில், பெட்டிகளைக் கட்டி அடுத்த ஊருக்கு நகர்த்தும் சத்தத்திற்கும் வழியில்லை. எனவே மக்கள் முன்னமே எங்குக் கூடுகின்றனர் என்பதே சுற்றுக்கொட்டகைக்காரரின் முதற்கேள்வி. திருவிழா எங்கே, சந்தை எந்நாள், அறுவடை முடிந்து கையில் காசு புழங்குவது எம்மாதம், பொருட்காட்சி எந்நகரில், இவற்றை அவர் அறிந்திருத்தல் வேண்டும். இரயில்வே அட்டவணையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு இது பாதி கைவந்த கலை. விழா நாள்களில் எந்த நிலையத்திற்கு டிக்கெட் மிகுதியாக விற்கின்றது என்பதைக் கவுண்டரில் இருப்போரைவிட நன்கறிந்தவர் யார்?

பகலில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளம் கொட்டி, துண்டு நோட்டீசு வீசிச் செல்வது அக்காலச் சுற்றுக்கொட்டகைகளின் வழக்கம். இரவில் ஊமைப்படம் ஓடும்போது திரையருகே ஒருவர் நின்று, இவர் இன்னார், இங்கு நடப்பது இன்னது என்று அவ்வூர்ப் பேச்சில் விளக்குவார். பெஷாவரில் ஒரு மொழி, கோழிக்கோட்டில் மற்றொரு மொழி, படம் ஒன்றே. பார்ப்பவன் தன் மொழியைத் தேடி வரவேண்டியதில்லை. மொழி அவனிடம் வந்தது.

1909-ஆம் ஆண்டு அவர் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். பிரெஞ்சு நாட்டுப் பாத்தே கம்பெனியின் கருவிகளை விற்கும் முகவராகவும் ஆனார். இச்செயல் எம்மைப் பெரிதும் வியக்கச் செய்கின்றது. தமக்குப் போட்டியாக வேறொருவர் கூடாரம் அடிப்பதற்கான கருவியைத் தாமே விற்றார் அல்லரோ! படம் பார்க்கும் பழக்கம் ஓர் ஊரில் வேரூன்றிவிட்டால் எல்லோர்க்கும் ஆள் கிடைப்பர் என்று அவர் கணக்கிட்டிருக்கலாம். அக்கணக்குப் பொய்க்கவில்லை.

1914-ஆம் ஆண்டையொட்டிக் கோவை திரும்பிய அவர், வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னாட்டில் நம்மவர் எழுப்பிய நிலையான படக்கொட்டகைகளுள் மிகப் பழையனவற்றில் அது ஒன்று. பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்திற்கு 1930-களில்தான் வந்தது. அதற்கு நெடுநாள் முன்பே அவர் எண்ணெய் எஞ்சின் வைத்துத் தம் கொட்டகைக்கு மின்சாரம் உண்டாக்கினார். இரவில் படம் ஓட்டும் எஞ்சின் பகலில் சும்மா கிடப்பானேன் என்று எண்ணினார் போலும். அச்சகமும் அரிசி ஆலையும் மின்விசையால் நடத்தினார். நோட்டீசு அச்சிட வெளியே செல்லவேண்டிய தேவையும் தீர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பாலிருந்த மக்களுக்கோ கோவை இரண்டு மணிப் பயணம். கூடாரத்தை அவர் தூக்கிச் சென்ற காலம் போய், இரயிலேறி மக்கள் அவரிடம் வரும் காலம் பிறந்தது.

பேசும் படம் வந்தபோது அவர்க்கு வயது ஐம்பதை நெருங்கிற்று. 1931-ஆம் ஆண்டு காளிதாஸ் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, 1933-ல், கல்கத்தா பயனீர் கம்பெனியாருடன் சேர்ந்து வின்சென்ட் வள்ளி திருமணத்தை எடுத்தார். டி. பி. இராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். கூட்டம் அலைமோதிற்று, தமிழில் நல்ல இலாபம் கண்ட முதற் படங்களுள் அஃதொன்றாயிற்று. வள்ளி கதையை அறியாத தமிழர் உண்டோ? தினைப்புனமும் ஆலோலமும் கிழவேடமும் யானையும் தமிழ்ப்பிள்ளை தொட்டிலிலேயே கேட்டவை. நாடகக் கம்பெனிகள் ஊர்தோறும் நடித்துத் தேய்ந்த கதையது. இத்தனை பழங்கதையைப் பணம் கொடுத்து யார் பார்ப்பர் என்று ஐயுறுவோர்க்கு அவர் முதல் நாளிலேயே விடை கண்டிருந்தார். இயேசுவின் கதையை அறிந்தவனே அந்த ஊமைப்படத்தைக் காண ஓடிவந்தான். அறிந்த கதையை அறியாத வடிவில் காணும் ஆவல், புதுக்கதை கேட்கும் ஆவலினும் வலியது. 1935-ல் சம்பூர்ண அரிச்சந்திரா, சுபத்ரா பரிணயம் ஆகியவற்றையும் அவர் எடுத்தார். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ அமைந்தபோது அதன் பங்காளர்களுள் ஒருவராகவும் இருந்தார். நம் நாற்காலிகளைக் காலியாக விட்ட ஹரிதாஸ் உருவானது அந்த ஸ்டூடியோவிலேதான். அது வெளிவருவதைக் காண அவர் இல்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறிற்று. வீதி மட்டும் பழம்பெயரை விடவில்லை.

அவர் கண்ட சூத்திரம் இன்றும் செல்லுபடியாகின்றதா என்று சிலர் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. தமிழில் பேச்சு மாற்றாமலே தமிழ்நாட்டில் ஐம்பது கோடிக்கு மேல் ஈட்டிற்று; அங்கு அத்தொகையை எட்டிய முதல் மலையாளப் படம் அதுவே. காரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கொடைக்கானல் குகையும், 1991-ல் வந்த குணா படத்துப் பாட்டும் தமிழர் நெஞ்சில் முன்னமே குடியிருந்தவை. மலையாளப் பிள்ளைகள் அவற்றைத் தம் கதையில் வைத்துக் காட்டினர். வள்ளி கதையின் மறுபிறவி என்றே நாம் கருதினோம்.

இதற்கு முந்திய ஆண்டு, 2023 அக்டோபர் 19 அன்று, லியோ வெளிவந்தபோது தமிழ்நாட்டில் முதற்காட்சி காலை ஒன்பது மணிக்கு. கேரளத்திலோ விடியற்காலை நான்கு மணிக்கு. கோவை வட்டாரத்து இளைஞர்கள் இரவோடிரவாக வாளையாறு கடந்து பாலக்காடு வந்தனர். ஐந்து மணி நேரம் முன்னதாகப் பார்க்க ஓர் எல்லையைத் தாண்டினர். குமுளி வழியாகவும் இத்தகைய பயணம் உண்டு என்று பீர்மேடு பக்கம் தோட்டத்தில் வாழும் எம் அத்தை மகன் சொல்லக் கேட்டோம். அவர் சிறுவராயிருந்த நாளில் வழி நேர்மாறானது. சம்பளம் வாங்கிய வாரம் குடும்பத்தோடு மலையிறங்கிக் கம்பத்தில் படம் பார்த்துத் திரும்புவர். தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருநாள் கூலியைப் பேருந்திற்கும் டிக்கெட்டிற்கும் ஈந்து சென்றனர் என்றால், திரையில் தம் பேச்சைக் கேட்கும் வேட்கை அத்துணை பெரிது.

இனி நம் நாற்காலிகளுக்கு வருவோம். சென்ற ஆண்டுக் காட்சியை நாம் எந்நாள் வைத்தோம்? மாதக்கடைசி ஞாயிறு, பள்ளித் தேர்வுக்கு முந்திய நாள். அறிவிப்பை எங்கு ஒட்டினோம்? நூலகக் கதவில், தமிழில் மட்டும். நம் காலனிப் பிள்ளைகளில் பலர் மலையாளமும் ஆங்கிலமும் படிப்பவர். வீட்டில் தமிழ் பேசுவர், எழுத்துக்கூட்ட அறியார். எம் இளைய மகளே அத்தாளைக் கடந்து மூன்று நாள் நூலகம் சென்று வந்தாள். அதில் என்ன எழுதியிருக்கின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது காட்சி முடிந்தபின்னரே எமக்குத் தெரிந்தது. ஹரிதாஸ் யார், அவன் கதை என்ன என்று ஒரு சொல்லேனும் எவரேனும் அவளுக்குக் கூறியிருந்தோமா? இல்லை. பெற்றோரைப் பழித்துப் பின் திருந்திய மகனின் கதையை எந்தப் பிள்ளை வேண்டாமென்னும்?

இவ்வாண்டும் ஹரிதாஸையே காட்டுவதெனச் செயற்குழுவில் நாம் வற்புறுத்தினோம். இருவர் எதிர்த்தனர், தலைவர் சிரித்துக்கொண்டே இசைந்தார். சம்பளம் வந்த முதற் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, பிள்ளைகள் எப்படியும் கூடிப் பந்தாடும் மைதானத்திலேயே திரை கட்டப்படும். அறிவிப்பு மூன்று எழுத்திலும் அச்சாகி வீடுதோறும் வரும். படம் தொடங்குமுன் ஓய்வுபெற்ற கார்டு ஐயா ஒருவர் கால்மணி நேரம் கதை சொல்ல ஒப்புக்கொண்டுள்ளார். இரவுப் பணிக்குச் செல்வோர்க்காக மறுநாள் முற்பகல் இன்ஸ்டிட்யூட் கூடத்தில் மீண்டும் ஒரு காட்சி உண்டு. நாற்காலி கிடையாது, பாய் கொண்டுவருக. மழை பெய்தால் சனிக்கிழமைக் காட்சியும் கூடத்திலேயே நடைபெறும்.