விதைக்குள் மருந்து கண்ட அலிஸ்

சிங்கோனா மரப்பட்டை குயினைனைத் தந்தது. அபினி மோர்பினைத் தந்தது. இவ்வாறு தாவரங்களுள் மருந்து தேடியோர் வரிசையில், 24 வயதில் மறைந்த அலிஸ் ஒகஸ்ரா போல் என்ற இரசாயனவியலாளரையும் எமது கல்லூரி மாணவியர் அறிந்திருக்க வேண்டுமென விரும்புகிறோம்.

அலிஸ் 1892இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரு பட்டங்கள் பெற்றபின் ஹவாய்க் கல்லூரிக்குச் சென்றார். மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த காவாச் செடியின் வேரிலுள்ள இரசாயனங்களை ஆராய்ந்து, 1915இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற் பெண்ணும் முதற் கறுப்பினத்தவரும் அவரே. பின்னர் அங்கேயே கற்பித்தார்.

அக்காலத்தில் ஹவாயில் தொழுநோய் கண்டவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, மொலோக்காய்த் தீவுக்கு அனுப்பப்பட்டனர். அநேகர் திரும்பவில்லை. ஆசியாவில் இந்நோய்க்கு நெடுங்காலம் வழங்கிய மருந்து சால்முக்ரா விதையெண்ணெய். எமது சித்த வைத்தியர்கள் அறிந்த நீரடிமுத்து இதே இனத்தது. அவ்வெண்ணெயைக் குடித்தால் குமட்டும். ஊசியால் ஏற்றினால் உடலில் பரவாமல் தோலின்கீழ்க் கட்டிபட்டு வலிக்கும். கலிஹி வைத்தியசாலை மருத்துவர் ஹரி ஹொல்மன் இதற்கு வழிகாண அலிஸின் உதவியை நாடினார். கற்பித்தலுக்கிடையே அலிஸ், எண்ணெயின் கொழுப்பமிலங்களைப் பிரித்து எதைல் எசுத்தர்களாக மாற்றினார். அவற்றை உடல் எளிதில் உறிஞ்சியது.

தமது முடிவுகளை வெளியிடுமுன்னரே அவர் நோயுற்று, 1916 டிசம்பர் 31இல் காலமானார். கல்லூரித் தலைவர் ஆதர் டீன் ஆய்வைத் தொடர்ந்து, அலிஸின் பெயரைக் குறிப்பிடாமலே வெளியிட்டார். அது ‘டீன் முறை’ எனப்பட்டது. 1922இல் ஹொல்மன் தமது கட்டுரையில் அலிஸின் பெயரால் அதனைப் ‘போல் முறை’ என்று எழுதினார். எனினும் அப்பெயர் பல்லாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது.

அம்மருந்து நோயை அடியோடு நீக்கவில்லை. சிலருக்கு நோய் மீண்டும் வந்தது. ஆயினும் சில ஆண்டுகளுள் கலிஹியிலிருந்து 78 பேர் வீடு திரும்பினர். 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை அதுவே பலருக்கு நம்பிக்கையாயிருந்தது. 2000ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகம், தன் வளாகத்துச் சால்முக்ரா மரத்தடியில் அலிஸுக்கு நினைவுப்பலகை வைத்தது.

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இன்று நிற்கும் தங்கைமாருக்கு நாம் சொல்வது இதுவே: செய்ததைத் திகதியிட்டு உங்கள் பெயரோடு எழுதி வையுங்கள். பிறர் செய்ததை அவர் பெயரோடு சொல்லுங்கள்.