வளையம் சுற்றிய மைக்கேல் பாரடே

எரிந்துபோன பழைய சி.எப்.எல். விளக்கு ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குழாய் உடையாமல் அடிப்பாகத்தை மட்டும் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வளையம் இருக்கும். அதன்மேல் சில சுற்றுகளாக மூன்று கம்பிகள். பார்க்கக் காதுக் கடுக்கன் மாதிரி இருக்கும் அதுவும் ஒரு டிரான்ஸ்பார்மர்தான்! அதன் மூதாதையை 1831-இல் சுற்றியவர் ஒரு கொல்லரின் மகன். அவர்தான் மைக்கேல் பாரடே.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை அடுத்த நியூவிங்டனில் பிறந்தார். அப்பா நோயாளி, வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடு சரி. 14 வயதில் புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருஷம் அங்கேதான். தைக்க வந்த புத்தகங்களைத் தைத்ததோடு விடாமல், படித்தும் பார்த்தார். மின்சாரம் அவர் மனதில் பற்றிக்கொண்டது அப்போதுதான்.

1812-இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் ராயல் இன்ஸ்டிடியூஷன் சென்று, விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, தானே பைண்டு செய்து, அவருக்கே அனுப்பி வைத்தார். 1813 மார்ச்சில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த ஆண்டே டேவி தம்பதியுடன் ஐரோப்பாவுக்குப் போனபோது வேலைக்காரனைப் போல நடத்தப்பட்டார். மனம் நொந்தாலும் படிப்பை விடவில்லை.

மின்சாரம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் ஓர்ஸ்டெட் காட்டினார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா? பாரடே பலமுறை முயன்று தோற்றார். 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஆறு அங்குல அகலமுள்ள தேனிரும்பு வளையத்தில் ஒரு பக்கம் ஒரு கம்பிச்சுருள், மறுபக்கம் இன்னொன்று. சுற்றுக்குச் சுற்று இன்சுலேஷன் துணியும் நூலும்தான். முதல் சுருளை பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளோடு சேர்ந்த ஊசி லேசாகத் துடித்து, பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க, ஊசி அசையவில்லை. பேட்டரியைக் கழற்றினார். ஊசி எதிர்ப்பக்கம் துடித்தது!

நாமாக இருந்தால் கை பட்டிருக்கும் என்று விட்டிருப்போம். அவர் கண்டதைக் கண்டபடி நோட்டில் எழுதி வைத்தார். தொடர்ந்து செய்த சோதனைகளில் உண்மை பிடிபட்டது. காந்தம் இருப்பதால் மட்டும் மின்சாரம் வராது; காந்தம் மாற வேண்டும்.

இந்த ஒரு வரியில்தான் சி.எப்.எல்.லின் ரகசியம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் பழைய டியூப்லைட் சோக்கு கையில் கனக்கும். சி.எப்.எல்.லிலோ மெயின் சப்ளையை டி.சி. ஆக்கி, டிரான்சிஸ்டர்கள் வினாடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாற்றிவிடுகின்றன. மாற்றம் வேகமானால் சின்ன கோர், கொஞ்சம் சுற்றுகள் போதும். அந்த வேகத்தில் இரும்புத் தகடு சூடாகிவிடும் என்பதால் பெரைட். வளையத்தின் ஒரு சுற்றில் விளக்குக்குப் போகும் மின்சாரம் ஓட, மற்ற இரண்டும் டிரான்சிஸ்டர்களை மாறி மாறித் தட்டி எழுப்புகின்றன. பக்கத்திலுள்ள குட்டிச் சோக்கு, குழாயில் மின்சாரம் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்கிறது.

குழாயில் வாயுவைக் குறைத்து மின்சாரம் செலுத்தி, உள்ளே ஓர் இருண்ட பகுதியைக் கண்டவரும் இவரே. அது இன்றும் பாரடே இருள்வெளி எனப்படுகிறது. சூடேறினால் சில்வர் சல்பைடு நன்றாக மின்சாரம் கடத்துவதை 1833-இல் கண்டார். செமிகண்டக்டரின் முதல் அடையாளம் அது!

உயர்கணிதம் அவருக்கு வராது. அவர் கருத்துகளைச் சமன்பாடாக்கியவர் மேக்ஸ்வெல். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாமென்றார். 1867 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

இப்போது சி.எப்.எல்.லை எல்.இ.டி. ஓரங்கட்டிவிட்டது. ஆனால் பல எல்.இ.டி. டிரைவர்களுக்குள்ளும் ஒரு குட்டி பெரைட் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால், சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறோம். மார்க் வரும், ஊசியின் துடிப்பு போய்விடும். அடுத்த முறை முள் எதிர்பாராமல் அசைந்தால், அழிக்காமல் எழுதி வையுங்கள் தோழர்களே!