அழகியின் கதையை மாற்றி எழுதிய ஆசிரியை

நீராவி இயந்திரங்கள், இருண்ட மாளிகை, கொஞ்சம் காதல். ‘அழகியும் மிருகமும்’ கதையை இப்படி ‘ஸ்டீம்பங்க்’ பாணியில் மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இது பழைய கதையைத் திருடுவதுதானே என்று தோழி கேட்டாள். பதில் தேடியபோது மதாம் டி போமோனின் வாழ்க்கை எனக்குத் தெரியவந்தது.

1711இல் பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தவர் அவர். 1748இல் லண்டன் சென்று, வசதியான குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அத்தகைய மாணவிகளுக்காகத் தாமே நூல்களும் எழுதினார். இன்று நாம் அறிந்த ‘அழகியும் மிருகமும்’, 1756இல் வெளிவந்த அவருடைய நூலில் உள்ளது.

ஆனால், கதை முதலில் அவருடையதன்று. 1740இல் கேப்ரியல்-சூசான் டி வில்நெவ் என்ற பெண்மணி பெரியவர்களுக்காக எழுதிய மிக நீண்ட கதை அது. அதில் அழகி உண்மையில் ஓர் அரசனுக்கும் தேவதைக்கும் பிறந்தவள். போமோன் அந்தப் பகுதியை நீக்கினார். அழகியை வணிகரின் மகளாகவே விட்டார். புத்தகம் படிக்க விரும்புபவளாகவும் காட்டினார். ஒருவரைப் பிறப்பாலும் தோற்றத்தாலும் அல்ல, குணத்தால் மதிக்க வேண்டும் என்பதே மாணவிகளுக்கு அவர் சொன்ன பாடம்.

காரணத்தோடு மாற்றி எழுதுவது திருட்டல்ல என்று இப்போது நம்புகிறேன். ஆனால், போமோன் தம் நூலில் வில்நெவின் பெயரைக் குறிப்பிடவில்லை. போமோன் மறைந்த பிறகும் அவருடைய கதை நிலைத்தது. வில்நெவைப் பலர் மறந்தனர்.

என் கதை இன்னும் முடியவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் அந்த இருவரின் பெயரையும் எழுதிவிட்டேன்.