வெண்ணெய் விற்ற மோசஸ் பாட்டி

எழுபது வயசுக்கு மேல் தூரிகை பிடித்து உலகப் புகழ் வாங்கின அமெரிக்கப் பாட்டி என்று மோசஸ் பாட்டியைப் பற்றிச் சொல்வார்கள். சரிதான். ஆனா அதுக்கு முன்னாடி அறுபது வருஷத்துக்கு மேல் அவர் உழைத்துச் சம்பாதித்ததை யாரும் அவ்வளவாகச் சொல்றதில்லை. நம்ம குழுப் பெண்களுக்கு அந்தப் பகுதிதான் முக்கியம்.

அன்னா மேரி என்பது அவர் பெயர். 1860-ல் நியூயார்க் மாநிலத்துக் கிராமப்புறத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தார். 12 வயசிலேயே அடுத்தவர் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். சமையல், துணி துவைப்பது, வயசானவங்களைப் பார்த்துக்கிறது என்று பதினைந்து வருஷம். 1887-ல் தாமஸ் மோசஸ் என்ற பண்ணைத் தொழிலாளியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்.

இரண்டு பேரும் வர்ஜீனியாவுக்குப் போய்க் குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள். செலவுக்கு வீட்டுக்காரர் கையை எதிர்பார்க்க அன்னா மேரிக்குப் பிடிக்கவில்லை. தான் சேர்த்து வைத்த காசில் ஒரு மாடு வாங்கினார். வெண்ணெய் கடைந்து விற்றார். நல்ல வெண்ணெய் என்று பெயர் கிடைத்தது. பிறகு உருளைக்கிழங்கு சிப்ஸும் போட்டு விற்றார். இதுக்கு நடுவில்தான் பத்துப் பிள்ளைகள் பெற்றார். ஐந்து பிள்ளைகள் பச்சைக் குழந்தையாகவே போய்விட்டன. மீதி ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினார்.

1905-ல் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி ஈகிள் பிரிட்ஜ் என்ற ஊரில் குடியேறினார்கள். 1927-ல் கணவர் இறந்தார். சில வருஷத்தில் மகளுக்குக் காசநோய். மகள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் நூலால் துணியில் படம் தைக்க ஆரம்பித்தார். மகள் பிழைக்கவில்லை. பாட்டிக்கு மூட்டுவலி வந்து ஊசி பிடிக்க முடியாமல் போச்சு. தூரிகை பிடிக்கிறது சுலபமா இருக்கும் என்று அவருடைய சகோதரி யோசனை சொன்னார்.

பலகையில் முதலில் வெள்ளை பெயிண்ட் அடிப்பார். பிறகு வானம், மலை என்று மேலிருந்து கீழே வரைந்து வருவார். பனி பெய்யும் வயல், அறுவடை, மேப்பிள் மரச் சாறு காய்ச்சுவது எல்லாம் அவர் கண்ணால் பார்த்த வேலைகள். ஊர்ச் சந்தைக் கண்காட்சிக்கு ஜாமையும் படத்தையும் சேர்த்தே அனுப்பினார். பரிசு கிடைத்தது ஜாமுக்குத்தான்!

ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடை. பெண்கள் கையால் செய்த பொருட்களை அங்கே விற்பனைக்கு வைத்திருந்தார்கள். பாட்டியின் படங்களும் அதில் இருந்தன. 1938-ல் லூயி கால்டர் என்ற பொறியாளர் அந்த வழியாக வந்தவர், இருந்த படங்கள் எல்லாவற்றையும் வாங்கினார். விலை மூன்று, ஐந்து டாலர் கணக்குதான். (நம்ம பொருளுக்கு நாமே குறைச்சு விலை சொல்றது எல்லா ஊரிலும் உண்டு போல.) 1940-ல் நியூயார்க் நகரத்தில் அவருக்கென்றே தனியாக ஒரு கண்காட்சி நடந்தது. அதையொட்டிப் பெரிய கடை ஒன்றில் பேசக் கூப்பிட்டபோது, தான் செய்த ஜாமையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

1949-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது வாங்கினார். 1,500-க்கும் மேல் படங்கள் வரைந்தார். அதில் மேப்பிள் சாறு காய்ச்சும் படம் ஒன்று 2006-ல் 12 லட்சம் டாலருக்கு விலை போனது. 1961 டிசம்பரில் 101 வயசில் காலமானார். அந்த வருஷத்திலும் படம் வரைந்துகொண்டுதான் இருந்தார். கடைசியாக முடித்த படத்தில் ஒரு வானவில் இருக்கிறது.