கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்பும் இடத்தில் அமைந்தது கொடுமுடி. தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம். அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாலாம்பாள் என்னும் அம்மையாருக்கு மகளாகப் பிறந்தவர் சுந்தராம்பாள். அவர் பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளுள் ஒன்று ஊரைக் குறிப்பது. மற்றொன்று தாயைக் குறிப்பது. தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அவர் தம் பெயருக்கு முன் சேர்த்துக்கொள்ளவில்லை. இச்சிறு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. அவர் வாழ்க்கையைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் எஸ்.ஜி. கிட்டப்பாவிலிருந்து தொடங்கிக் கிட்டப்பாவிலேயே முடித்துவிடுகின்றனர். அம்மையாரோ பாலாம்பாளின் மகளாகத் தொடங்கி அப்பெயருடனேயே முடிந்தவர்.

இளமையிலேயே தந்தையை இழந்த குடும்பம் அது. கைம்பெண்ணாகிய தாய் பிள்ளைகளுடன் உடன்பிறந்தானை அண்டிப் பிழைக்க நேர்ந்தது. புகைவண்டியில் பாடிக் காசு பெற்ற சிறுமி என்பதே சுந்தராம்பாளைப் பற்றிய முதற் சித்திரம். அப்படிப் பாடிக்கொண்டு வந்தபோது, இரயில்வே அதிகாரியும் நாடகக் கலைஞருமாகிய எஃப்.ஜி. நடேச ஐயர் அக்குரலைக் கேட்டு வியந்து, பி.எஸ். வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ப்பித்தார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் சிலர் சொல்லும் செய்தி. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக அவர் வேடமிட்டபோது அவையோர் கண்கலங்கினர் என்பர். பசியை நடிக்க அச்சிறுமிக்கு ஆசிரியர் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

அன்றைய நாடகமேடை எத்தகையது என்பதை இன்றைய வாசகர் சற்று மனத்தில் கொள்ளுதல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லை. திறந்தவெளியில், கீற்றுக் கொட்டகையில், ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கக் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆகவே உச்ச சுருதியில் பாடவல்லவரே மேடையை ஆண்டனர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதித் தந்த நாடகங்கள் பாட்டாலேயே நடந்தன. வசனம் பாட்டுக்கு இடையே மூச்சு வாங்கும் இடமாக இருந்தது. பாலர் நாடகக் குழுக்களில் பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகளே தாங்கினர். ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை பரவிய பின்னரே, தனித்தனியே ஒப்பந்தமான நடிகரும் நடிகையரும் ஒரே மேடையில் போட்டியிட்டுப் பாடும் வழக்கம் வலுப்பெற்றது. அங்கே ஒத்திகை இல்லை. கதை இருவருக்கும் தெரியும். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எவ்வளவு மேலே போவார் என்பது மட்டும் தெரியாது. கவியரங்கில் ஈற்றடி கொடுக்கப்பெற்ற கவிஞனின் நிலை அது. அம்மேடையில் நிலைத்து நிற்பதற்குக் குரல் மட்டும் போதாது. உடனுக்குடன் விடையிறுக்கும் அறிவும் வேண்டும்.

அத்தகைய மேடையிலேதான், 1926-இல் கொழும்பு நகரில், வள்ளி திருமணத்தில் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் முதன்முதலாக எதிரெதிரே நின்றனர். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா தமிழ்நாடெங்கும் புகழ்பெற்ற பாடகர். அவருடன் பாடி நிற்க இயலாது, மேடையிலேயே அவமானப்பட நேரும் என்று சுந்தராம்பாளை அச்சுறுத்தியோர் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. கிட்டப்பாவின் குரல் ஏறிய இடத்துக்கெல்லாம் அவர் குரலும் ஏறிற்று. அன்று ஏற்பட்ட மதிப்பு நட்பாகிக் காதலாகி, 1927-இல் மாயவரத்தில் திருமணத்தில் நிறைந்தது. கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார், குலமும் வேறு. இவையெல்லாம் அறிந்தே அம்மையார் அவ்வாழ்வை ஏற்றார்.

இருவரும் சேர்ந்து நடித்த ஆண்டுகள் தமிழ் நாடகமேடையின் பொற்காலம் என்று போற்றப்படுவது மிகையன்று. எனினும் மேடையில் கிடைத்த ஒற்றுமை இல்லத்தில் நிலைக்கவில்லை. பிரிவு நேர்ந்தது. அக்காலத்தில் அம்மையார் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்திருக்கின்றன. அவற்றைப் படிப்போர் ஒன்றை உணர்வர். ஏங்கும் மனைவியின் கடிதங்கள்தாம் அவை. ஆயினும் தன் நியாயத்தை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்து, தான் இழைக்கப்பட்டதைப் பெயரிட்டுச் சொல்லி, விடை கேட்கும் கடிதங்களும் அவையே. பள்ளிக் கல்வி மிகுதியும் பெறாத ஒருவரின் உரைநடை அது என்பதைத் தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் இன்னும் கணக்கில் கொள்ளவில்லை.

உடல்நலம் சீர்குலைந்த கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் மறைந்தார். அவருக்கு அகவை 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் அவர் வெண்ணிற ஆடை உடுத்தினார்; அணிகலன்களைத் துறந்தார்; இனி எந்த ஆண் நடிகருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதி இறுதிவரை தளரவில்லை. திருவதிகை மண்ணில் வாழ்வோர்க்கு இவ்விடத்தில் திலகவதியார் நினைவு வராமற் போகாது. மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் பட்ட செய்தி கேட்டு உயிர்விடத் துணிந்து, தம்பியின் பொருட்டு உயிர் தாங்கி, வீரட்டானத்துத் திருமுற்றத்தை அலகிட்டும் மெழுகியும் வாழ்ந்தவர் அவர். துறவு என்று நாம் சொல்வது அவருக்கு ஒரு பணியின் தொடக்கமாயிற்று. சுந்தராம்பாளின் வெண்ணாடையையும் அவ்வாறே காண்பது தகும். தமிழுலகம் அந்த ஆடையைக் கைகூப்பி வணங்கியது. அதனுள்ளிருந்த உழைக்கும் பெண்ணை அந்த அளவுக்குக் காணவில்லை. இளம் நடிகையை ஏளனமாகவும் கைம்பெண்ணைத் தெய்வமாகவும் பார்த்தது ஒரே சமூகந்தான் என்பதை மறத்தலாகாது.

சில காலம் ஒதுங்கியிருந்த அவரைத் திரைப்படம் தேடி வந்தது. அசன்தாஸ் என்னும் தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பி அவரை அணுகினார். மறுப்பதற்கு வழியாக, எவரும் தரமாட்டார் என்று எண்ணி, ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொல்வது வழக்கம். பொருளாசை இல்லாதவர் என்பதற்குச் சான்றாக இக்கதை சொல்லப்படுகிறது. வேறு விதமாகவும் இதை நோக்கலாம். நாடகத்தின் வாயிலாக ஓரிரவு வருமானம் எவ்வளவு, தன் பெயர் எத்தனை பேரைக் கொட்டகைக்குள் கொண்டுவரும் என்பதை நன்கறிந்த ஒரு கலைஞர் தம் மதிப்பைத் தாமே குறித்தார், குறித்ததைப் பெற்றார். அந்நாளில் அவ்வளவு பெருந்தொகையை எந்த நடிகரும் பெற்றதில்லை.

1935-இல் வெளிவந்த அப்படத்தில் சுந்தராம்பாள் நந்தனாராகவே தோன்றினார். வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடம் பெண் தாங்குவது மேடைக்குப் புதிதன்று. பாரிசு நகரில் சாரா பெர்னார் 1899-இல் ஹாம்லெட்டாக நின்றிருக்கிறார். நம் ஸ்பெஷல் நாடகங்களிலும் அவ்வழக்கம் உண்டு. இங்கே வேறொரு பொருளும் சேர்ந்தது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவனின் ஏக்கத்தை, மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்க உரிமை மறுக்கப்பட்ட ஒரு கைம்பெண் பாடினார். இரண்டு விலக்கல்களும் ஒரே குரலில் ஒலித்தன. படம் படமாக வெற்றி பெறவில்லை. பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகக் கல்கி எள்ளி நகையாடினார். நகைச்சுவை நன்று. ஆயினும் காமிராவின் முன் எப்படி நிற்பது என்பதைத் தமிழ்நாடு முழுவதும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது.

1940-இல் மணிமேகலை வந்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை; அதிலும் அவருக்கு வாய்த்தது காதலை விடுத்து அறத்தைத் தேர்ந்த பெண்ணின் வேடமே.

திரையைவிட அவருடைய குரல் மிகுதியாகப் பயன்பட்டது விடுதலை இயக்கத்துக்கு. நாடகக் கலைஞர் அரசியல் மேடைக்கு வருவதை இழிவாகக் கருதியோர் காங்கிரசிலேயே இருந்தனர். தாமும் நாடக ஆர்வலராகிய சத்தியமூர்த்தி அவ்வாறு கருதவில்லை. அவர் அழைக்க, சுந்தராம்பாள் ஊர்தோறும் சென்று பாடினார். 1931-இல் மோதிலால் நேரு மறைந்தபோது அவர் பாடிய இரங்கற்பாட்டு இசைத்தட்டாகப் பரவியது. 1937 தேர்தலில் காங்கிரசுக்காக அவர் செய்த பிரசாரம் பெரிது. சொற்பொழிவு தொடங்குமுன் அவர் பாட்டு. கூட்டம் சேர்ந்தது அதற்கே. எழுத்தறியா மக்களுக்குத் தேசியம் செய்தித்தாளின் வழியாக வரவில்லை, நாடகப் பாட்டின் வழியாகவே வந்தது. 1951-இல் அவர் சென்னை மாநிலச் சட்டமேலவையில் உறுப்பினரானார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமியற்றும் அவையில் அமர்ந்தது அதுவே முதன்முறை என்பர். பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலில் திரையுலகம் பெற்ற இடத்தைப் பேசுவோர் இம்முதற்பெயரை ஓரடியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர்.

எஸ்.எஸ். வாசன் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த ஔவையார் 1953-இல் வெளிவந்தது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. யானைகள் கோட்டையைத் தகர்ப்பது முதலிய பிரம்மாண்டங்களை அந்நாளில் மக்கள் வாய்பிளந்து பார்த்தனர். இன்று அவை பின்னுக்குப் போய்விட்டன. அம்மையாரின் நடையும் கோலும் குரலும் எஞ்சி நிற்கின்றன. அப்போது அவருக்கு அகவை 44. தமிழர் பலருக்கும் ஔவை என்றவுடன் மனத்தில் எழும் உருவம் அவர் தந்ததே.

கவிஞர்கள் இங்கே சிறிது நின்று எண்ணுதல் நலம். சங்கத்து ஔவை கிழவி அல்லள். அதியமானுடன் கள்ளுண்டு மகிழ்ந்து, தொண்டைமானிடம் தூது சென்று, அகமும் புறமுமாக 59 பாடல்கள் பாடிய புலவர் அவர். அதியமான் மறைந்தபின் அவர் பாடிய கையறுநிலைப் பாடல்களுக்கு நிகராகத் தமிழில் சிலவே உண்டு. பிற்கால மரபு பல ஔவையரை ஒன்றாக்கி, மணத்துக்கு அஞ்சி விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்ட பெண்ணாக அவரைக் கதைப்படுத்திற்று. ஊர் ஊராகத் தனியே திரிந்து பாடும் பெண்ணை ஏற்றுக்கொள்ள அச்சமூகத்துக்கு அவள் பாட்டியாக இருக்க வேண்டியிருந்தது. திரைப்படம் அம்மரபையே பின்பற்றியது. 25-ஆம் அகவையில் தம் இளமையைத் தாமே மூடிவைத்த ஒருவர் அவ்வேடத்தைத் தாங்கியபோது, கதையில் வரும் வரம் எத்தகைய விலை கொடுத்துப் பெறப்படுவது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? கையறுநிலை பாடிய ஔவையை நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்குமாயின், நமக்கு வேறொரு படமும் கிடைத்திருக்கும்.

அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் திரையில் அவரைக் காண முடியவில்லை. 1964-இல் மு. கருணாநிதி எழுதிய பூம்புகாரில் கவுந்தியடிகளாக மீண்டார். முருகபக்தியில் தோய்ந்த சைவர் ஒருவர், பகுத்தறிவு இயக்கத்தவர் எழுதிய படத்தில், சமணத் துறவியாக நடித்தார். தருமசேனர் நாவுக்கரசரான ஊர்ப்பக்கத்தில் இருப்போர்க்கு இச்சேர்க்கையின் சுவை விளங்கும். நீதி தவறியபோது தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் ஓரடியைத் தம்மால் பாட இயலாது என்று அவர் மறுத்ததாகவும், அவர் மனம் ஒப்பும்படி அவ்வடி மாற்றப்பட்டதாகவும் திரையுலகில் ஒரு செய்தி வழங்குகிறது. பாடலாசிரியனின் சொல்லுக்குப் பாடுபவர் பொறுப்பேற்க வேண்டுவதில்லை என்பது தொழில் வழக்கம். அவர் அவ்வழக்கத்தை ஏற்றவர் அல்லர்.

1965-இல் ஏ.பி. நாகராசனின் திருவிளையாடலில் கோபித்து நிற்கும் முருகனைத் தேற்ற வந்த ஔவையாகச் சிறிதுநேரமே தோன்றினார். படம் முழுதும் வந்தவர்களுக்கு இணையாக நினைவில் நின்றார். 1967-இல் கந்தன் கருணை. 1969-இல் வந்த துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அப்போது அகவை 60-ஐக் கடந்திருந்தார். சுருதி இறங்கவில்லை. தமிழிசைச் சங்கம் 1966-இல் இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கொடுமுடியில் தம் பெயரால் ஒரு திரையரங்கும் அமைத்தார்.

1973-இல் வந்த காரைக்கால் அம்மையார் அவருடைய இறுதிக்காலப் படங்களுள் ஒன்று. இளமைப் புனிதவதியாக இலட்சுமி நடித்தார். அழகையும் தசையையும் உதறிப் பேயுருக் கொண்ட பின்னைய அம்மையாராகத் தோன்றியவர் சுந்தராம்பாள். நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்காலம்மை என்று அவர் தாங்கிய வேடங்களில் ஒன்றேனும் ஓர் ஆணின் காதலி இல்லை. தமிழ்த்திரையில் இப்படியொரு வரிசை வேறெந்த நடிகைக்கும் வாய்க்கவில்லை. அவர் தம்மேல் விதித்துக்கொண்ட தடையே, புலவரும் அடியவருமாகிய பெண்களைக் கதையின் நடுவில் நிறுத்த வைத்தது. அவருக்குப்பின் அவ்வேடங்களும் அருகிப்போயின.

1980-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வள்ளியாகக் கிட்டப்பாவின் எதிரே நின்று பாடிய 1926-க்கும் அதற்கும் இடையே 54 ஆண்டுகள். அவற்றுள் கிட்டப்பாவுடன் கழிந்தவை ஏழு. எஞ்சிய 47 ஆண்டுகளும் பாலாம்பாளின் மகள் தனியே பாடியவை.